அபிமன்யுவும் அயோடின் உப்பும்

கடைய பூட்டிட்டுப் போயி நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, எழுதவும் ஒண்ணும் தோணல. ஆனா போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. இங்க கொட்டலைன்னா தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஊருன்னா நம்ம செவிலிமேடு. காஞ்சிபுரத்துல இருந்து வந்தவாசி போற ரோட்டுல, பாலாத்துப் பாலத்துக்கு முன்னாடி. முன்னே தனி பேரூராட்சி, இப்ப காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள்ள ஐக்கியம். அங்க எங்க அக்கா வீட்டுல ரெண்டு தறி. அக்கா பையனுக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. மருமகப் பொண்ணுக்கு இப்ப ஏழாம் மாசம். வளைகாப்புக்குத்தான் போனேன்.

முந்தின நாளே போய் எறங்கியாச்சு. பையை வெக்கறதுக்குள்ள அக்கா வந்து நின்னுது.

"டேய், கர்ப்ப சம்ஸ்காரம்னு போன்ல என்னவோ இருக்காமே, அதை இவ போன்ல ஏத்திக் குடுடா. வயித்துல இருக்கும்போதே கேட்டா புள்ளைக்கு மூளை நல்லா வளருமாம். பக்கத்துத் தெருவுல ஒருத்தி காசு கட்டி கிளாஸுக்கே போறா."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. அபிமன்யு கேக்கலையா?"

நான் பதில் சொல்லாம அந்தப் பொண்ணைப் பாத்தேன். திண்ணையில ராட்டை போட்டு தார் சுத்திக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. "கார்டு இருந்தா குடும்மா, பாக்கறேன்"னேன். "இதோ மாமா"ன்னு எழுந்திரிச்சு வந்து குடுத்துட்டு, அதுக்கே மூச்சு வாங்கி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

கார்டுல ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

"நர்ஸம்மா குடுத்த சிவப்பு மாத்திரை எங்க?"ன்னு கேட்டேன். சாமி மாடத்துல விபூதி டப்பாவுக்குப் பின்னாடி அட்டை அட்டையா பத்திரமா இருந்துச்சு. பிரிக்கவே இல்ல. சாப்பிட்டா கறுப்பா வெளிக்குப் போகுதாம், வயித்தைப் புரட்டுதாம். அதுக்கும் மேல, புள்ள கறுப்பா பொறக்கும்னு யாரோ கெளப்பி விட்டிருக்காங்க. பக்கத்துலயே குங்குமப்பூ டப்பா. அது மட்டும் பாதிக்கு மேல காலி!

சிரிப்பு வருதா? எனக்கும் வந்துச்சு. அப்புறம் வெக்கமா போச்சு. காரணம், இதே கூத்தை நானும் அடிச்சிருக்கேன். (கொசுவத்தி சுத்திக்கோங்க.)

தங்கமணி முதல் தடவை உண்டானப்போ நான் என்ன பண்ணேன் தெரியுமா? பர்மா பஜார்ல போயி மொசார்ட் சிடி வாங்கிட்டு வந்தேன். ராத்திரி ஆனா வயித்துக்கிட்ட ஸ்பீக்கரை வெச்சு சிம்பொனி. தங்கமணி "இளையராஜா போட்டாலாவது நான் கேப்பேன்"னு கெஞ்சியும் விடல. அவ காலையில வாந்தி எடுத்துட்டு வெறும் வயித்தோட பஸ் புடிச்சு வேலைக்குப் போறது மட்டும் நம்ம கண்ணுல படவே இல்ல.

அந்த மொசார்ட் சமாச்சாரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன். 1993-ல 'நேச்சர்' பத்திரிகையில ஒரு சின்னக் கட்டுரை வந்துச்சு. சோதனைக்கு உக்காந்தது 36 காலேஜ் பசங்க. மொசார்ட் கேட்டதும் ஒரு குறிப்பிட்ட புதிர்ல கொஞ்சம் கூடுதல் மார்க் வாங்கினாங்க. அந்த பலனும் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல போயிடுச்சு. அதுல குழந்தையும் இல்ல, கர்ப்பிணியும் இல்ல. ஆனா 1998-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர், பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் இசை சிடி குடுக்க பட்ஜெட்ல பணம் கேட்டார். பர்மா பஜார்ல நம்ம பர்ஸுக்கும் வேட்டு.

வயித்துல இருக்கற குழந்தைக்குக் காதே கேக்காதுன்னு நான் சொல்ல வரல. ஏறக்குறைய ஆறாம் மாசத்துல இருந்து சத்தம் கேக்க ஆரம்பிக்குது. பொறந்த மூணு நாளைக்குள்ளயே குழந்தை தன் அம்மா குரலை அடுத்த பொம்பளைங்க குரல்ல இருந்து பிரிச்சுத் தெரிஞ்சுக்குதுன்னு 1980-லயே சோதனை பண்ணிக் காமிச்சிருக்காங்க. ஏழாம் மாசத்துல வளையல் போடறோமே, அந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்டா சந்தோஷம். அம்மா பேசட்டும், பாடட்டும், ரொம்ப நல்லது. ஆனா கேக்கற காது வேற, அந்தக் காதுக்குப் பின்னாடி இருக்கற மூளையை இழை இழையா நெய்யறதுக்கு வேணுங்கற சரக்கு வேற. சரக்கு வர்றது ஒரே வழி, அம்மாவோட ரத்தம்.

தறிக்காரன் வீட்டுப் பையன், அதனால தறி பாஷையிலயே சொல்றேன். நெசவுல நடுவுல ஒரு இழை அறுந்தா பிணைச்சுக்கலாம். ஆனா ஆரம்பத்துல அச்சுல இழையைத் தப்பா கோத்துட்டா? அந்தக் கோடு முந்தானை வரைக்கும் கூடவே வரும். மூளைக்கும் அப்படி சில நேரம் இருக்கு.

முதல்ல ஃபோலிக் ஆசிட். மூளையும் தண்டுவடமும் ஆரம்பத்துல ஒரு குழாய் மாதிரி உருவாகி மூடிக்குது. அது மூடிக்கறது கரு உண்டாகி 28 நாளுக்குள்ள. அந்த நேரத்துல பாதி பேருக்கு உண்டாகியிருக்கறதே தெரியாது. நாள் தள்ளிப் போயி, டெஸ்ட் பண்ணி, மாமியார்கிட்ட சொல்லி, நல்ல நாள் பாத்து டாக்டர்கிட்ட போறதுக்குள்ள அந்தக் கதவு சாத்தியாச்சு. ஏற்கனவே இந்தக் குறையோட குழந்தை பொறந்த பெண்களுக்கு, கரு உண்டாகறதுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் குடுத்தா மறுபடி வராம 72 சதவீதம் தடுக்கலாம்னு 1991-ல 'லான்செட்'ல வந்த பிரிட்டிஷ் ஆய்வு சொல்லிச்சு. ஆக இந்த மாத்திரைய ஆரம்பிக்க வேண்டியது கல்யாணம் ஆன கையோட, குழந்தை வேணும்னு நினைக்கறப்பவே. வாந்தி வந்தப்புறம் இல்ல.

ரெண்டாவது அயோடின். முதல் மூணு மாசம் குழந்தைக்குச் சொந்தமா தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர்றதுக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் முழுக்க அம்மாகிட்ட இருந்துதான் போகணும். அதுக்கு மூலப்பொருள் அயோடின். உலகத்துல தடுக்கக்கூடிய மூளைக் குறைபாட்டுக்குப் பெரிய காரணம் எதுன்னா அயோடின் குறைபாட்டைத்தான் சொல்றாங்க. 1999-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, தைராய்டு குறைவா இருந்து மருந்து எடுக்காத அம்மாக்களோட பசங்களுக்கு ஏழுல இருந்து ஒன்பது வயசுல ஐ.க்யூ. சராசரியா 7 பாயிண்ட் கம்மியா இருந்துச்சு.

இப்ப நம்ம ஊர் கதைக்கு வாங்க. உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்து நாமதான். தூத்துக்குடி உப்பு இந்தியா பூரா போகுது. ஆனா 2018-19-ல எடுத்த தேசிய அயோடின் சர்வேயில, சரியான அளவு அயோடின் இருக்கற உப்பைப் பயன்படுத்தற வீடுகள் இந்தியாவுல நூத்துக்கு 76, தமிழ்நாட்டுல 62. மாநிலங்கள்லயே கடைசி இடம் நமக்கு! கல்லுப்புதான் ருசின்னு நமக்கு ஒரு பிடிவாதம். அதுலயும் அயோடின் சேர்த்தது கிடைக்குது, பாக்கெட்டைத் திருப்பிப் பாத்து வாங்கணும், அவ்வளவுதான். படிச்சவங்க வீட்டுல கதை வேற, அங்க இந்துப்பு மோகம். அயோடின் சேர்க்காத இந்துப்பைக் கிலோ நூறு ரூபாய்க்கு வாங்கித் தின்னுட்டு, கர்ப்ப சம்ஸ்காரத்துக்குத் தனியா பணம் கட்டறது. என்னத்தைச் சொல்ல!

மூணாவது இரும்புச்சத்து. ரத்தத்துக்கு மட்டும்தான் இரும்புன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். மூளைக்கும் அது வேணும். கரண்டு ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கும் பாருங்க, அதே மாதிரி நரம்பு இழைக்கு மேல ஒரு கொழுப்பு உறை போடணும். ஞாபக சக்திக்கான பகுதி வளரணும். இதுக்கெல்லாம் இரும்பு தேவை. பொறந்த பிறகு தாய்ப்பால்ல இரும்பு ரொம்பக் கம்மி. அதனால குழந்தை முதல் ஆறு மாசத்துக்கான சேமிப்பை வயித்துல இருக்கும்போதே, முக்கியமா கடைசி மூணு மாசத்துல, கட்டிக்கிட்டு வரும். அம்மாகிட்டயே இல்லைன்னா எதைக் கட்டிக்கிட்டு வரும்?

ஸ்வீடன்ல அஞ்சு லட்சத்துக்கும் மேல குழந்தைகளோட பதிவேடுகளை வெச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 30-வது வாரத்துக்கு முன்னாடியே அம்மாவுக்கு ரத்தசோகைன்னு கண்டுபிடிச்சிருந்தா, அந்தக் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு வர்றது நூத்துக்கு 3 பேர். ரத்தசோகை இல்லாத அம்மாக்களோட குழந்தைகள்ல நூத்துக்கு ஒண்ணு சொச்சம். இது ரெண்டும் சேர்ந்து போகுதுங்கறதைத்தான் காட்டுது, இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்லல. ஆனா நேரம் முக்கியம்கறது தெரியுது. நம்ம நாட்டு தேசிய குடும்ப நல சர்வே, 2019-21 கணக்கு: தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல நூத்துக்கு 48 பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 52. வளைகாப்புல சுத்தி உக்காந்து ஒம்போது வகை சாதம் சாப்பிடறோமே, அதுல பாதி வளைகாப்புல நடுவுல உக்காந்திருக்கற பொண்ணுக்கு ரத்தம் இல்ல.

சரி, பயமுறுத்தறதுக்கு எழுதல. பயப்பட வேண்டாம்னு சொல்லவும் ஒரு கதை இருக்கு. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன்காரன் வழியை அடைச்சதுல நெதர்லாந்தோட மேற்குப் பகுதியில கொடும் பஞ்சம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிகூட கிடைக்கல. அந்தப் பஞ்சத்தோட உச்சத்துல கருவான குழந்தைகள்ல தண்டுவடக் குறை அதிகமா இருந்துச்சு, பெரியவங்களானப்புறம் மனச்சிதைவு நோய் ரெண்டு மடங்கு வந்துச்சு. ஆனா அந்தக் காலத்துல பொறந்து 19 வயசுல ராணுவத் தேர்வுக்கு வந்த 1,25,000 பசங்களோட அறிவுச் சோதனை மார்க்கைப் பாத்தா, வயித்துல பஞ்சம் பட்டவனுக்கும் படாதவனுக்கும் வித்தியாசமே இல்ல! 1972-ல இது வெளியாச்சு. மூளை அவ்வளவு சுலபமா தோத்துப் போற ஜாதி இல்ல. குழந்தையைக் காப்பாத்தறதுக்கு உடம்பு என்னென்னவோ செய்யும். பொறந்தப்புறம் சாப்பாடு, பேச்சு, விளையாட்டு, பள்ளிக்கூடம்னு சரி பண்றதுக்கு ஏகப்பட்ட வாய்ப்பு இருக்கு. அதனால "நான் அன்னைக்கு மாத்திரை போடலையே"ன்னு எந்த அம்மாவும் உக்காந்து அழ வேண்டாம்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. நம்ம ஊர்ல புள்ளை மூளை அம்மா பொறுப்பு. சரி, அந்த அம்மா யாரு பொறுப்பு?

அபிமன்யு கதையவே எடுத்துக்கோங்க. சக்கர வியூகத்துக்குள்ள போறது வரைக்கும் வயித்துக்குள்ள இருந்து கேட்டான், அதுக்குள்ள சுபத்திரை தூங்கிட்டா, வெளிய வர்ற வழி தெரியாமப் போச்சு. நானூறு தடவை கேட்டிருக்கோம். ஆக பையன் செத்ததுக்குக் காரணம் அம்மா தூங்கினது! வயித்துப் புள்ளக்காரிகிட்ட ராத்திரி நேரத்துல யுத்தப் பாடம் எடுத்தவங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? அசந்து தூங்கற அளவுக்கு அவ ஏன் களைச்சுப் போயிருந்தான்னு கேட்டோமா? (எட்டு பாயிண்ட் நாலா இருக்குமோ!)

நான் மாத்திரை அட்டைய வெச்சுக்கிட்டு கத்தினப்போ அக்கா சொல்லிச்சு: "நாங்கல்லாம் பெத்துக்கலையாடா? வலி எடுக்கற வரைக்கும் தறியில உக்காந்து கோர்வைக்குக் கரை போட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அக்காவுக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் இந்த மாப்பிள்ளை. சின்னவளுக்கு நாலு வயசு வரைக்கும் பேச்சு வரல, பள்ளிக்கூடத்துல அஞ்சாவதைத் தாண்டல. அவளுக்கு ஏன் அப்படின்னு எந்த டாக்டராலயும் இன்னைக்குச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனா எங்க அக்கா மாமியார் சொல்லுச்சு. கிரகணத்தன்னைக்கு அரிவாள்மனையைத் தொட்டியே, அதான்னு. சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு அக்கா கடைசி ஆளா சட்டி வழிச்சுத் தின்னதைப் பத்தி ஒருத்தரும் பேசல, கூடப் பொறந்த நானும் சேர்த்துதான். பதினாறு வருஷமா அந்தப் பழியைச் சுமந்த அதே அக்காதான் இன்னைக்குப் பாட்டு ஏத்திக் குடுங்குது.

இதை நான் அக்காகிட்ட சொன்னேன். கொஞ்சம் கோவத்துல கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அக்கா ஒண்ணும் பேசல. உள்ள போயிடுச்சு. தப்பு பண்ணிட்டமோன்னு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

காசு இல்லைன்னு சொல்ல முடியாது மக்களே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல மகப்பேறு உதவித் திட்டம் இருக்கு. 1987-ல 300 ரூபாயில ஆரம்பிச்சது, 2006-ல 6,000, 2011-ல 12,000, 2018-ல 18,000 ஆச்சு, அதுல 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். நெய், பேரீச்சை, சத்து மாவு, இரும்பு டானிக் எல்லாம் அதுல உண்டு. கர்ப்ப காலத்துல கூலி வேலைக்குப் போகாம ஓய்வெடுக்கவும் நல்லா சாப்பிடவும்தான் அந்தப் பணம். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு முடிச்சு டாக்டரானவங்க, 1927-ல சட்டசபைக்குப் போனவங்க. அவங்க பேர்ல வர்ற பணம் எங்க அக்கா வீட்டுல எங்க போச்சுன்னு விசாரிச்சேன். முதல் தவணை வளைகாப்பு மண்டபத்துக்கு அட்வான்ஸ். பெட்டகத்து நெய்யும் பேரீச்சையும் வீடு பூரா சாப்பிட்டாச்சு. பொண்ணுக்கு மிச்சம் கெடச்சது அந்த பிளாஸ்டிக் கப்பு! அரசாங்கம் பணத்தை அவ அக்கவுண்ட் வரைக்கும் கொண்டு வந்துடும். அங்கேர்ந்து அவ தட்டுக்குக் கொண்டு போக வேண்டியது வீட்டுல இருக்கற நாமதான்.

வயித்துலயே பாடம் கேட்ட இன்னொருத்தன் இருக்கான், பிரகலாதன். அவன் கதையில நாம ஒரு பாதியை முழுங்கிட்டோம். நாரதர் உபதேசம் பண்ணினார், குழந்தை கேட்டுச்சுங்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்தது? புருஷன் தவத்துக்குப் போயிட்டான். கயாதுவை இந்திரன் பிடிச்சுட்டுப் போறான். நாரதர் குறுக்க வந்து விடுவிச்சு, புருஷன் திரும்பி வர்ற வரைக்கும் பயமில்லாம இரும்மான்னு தன் ஆசிரமத்துல வெச்சுப் பாத்துக்கறார். பாடமெல்லாம் அப்புறம்தான். முதல்ல பாதுகாப்பு. ராத்திரி டாஸ்மாக்ல இருந்து வந்து கத்தற புருஷன் இருக்கற வீட்டுல எந்த ஸ்லோகத்தைப் போட்டு என்ன புண்ணியம்?

எங்க செவிலிமேட்டுலயே ஒரு கதை உண்டு. சாலைக் கிணறுன்னு ஒண்ணு இருக்கு. காட்டுல வழி தெரியாம நின்ன ராமானுஜரை வேடன் வேடுவச்சியா வந்து கூட்டிட்டு வந்தது வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும்தான்னு சொல்லுவாங்க. வேடுவச்சி தாகம்னு சொன்னதும் அவர் கொண்டாந்து குடுத்தது இந்தக் கிணத்துத் தண்ணி. அவர் அவகிட்ட பாட்டுப் பாடல, தத்துவம் சொல்லல. தாகம்னா, தண்ணி மொண்டுட்டு வந்தார். எங்க ஊர் ஆளுங்க இந்தக் கதைய மறந்துட்டு எங்கயோ இருக்கற ஆப்பை எறக்கிட்டு இருக்கோம்.

மறுநாள் காலையில எழுந்து பாத்தா, அக்கா எலுமிச்சம்பழச் சாறு ஒரு டம்ளரும் ஒரு சிவப்பு மாத்திரையும் வெச்சுக்கிட்டு மருமக முன்னாடி நிக்குது. டீயோட போடக்கூடாது, கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போடக்கூடாது, புளிப்பான பழத்தோட போட்டா நல்லா உடம்புல ஒட்டும்னு நர்ஸம்மா எப்பவோ சொன்னதெல்லாம் அக்காவுக்கு ஞாபகம் இருந்திருக்கு! என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசல. வளைகாப்பு முடிஞ்ச அடுத்த நாள் மாப்பிள்ளையே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனான். மாத்திரை மட்டும் போதாதுன்னு இரும்பு ஊசி ஏத்திட்டு இருக்காங்க. தார் சுத்தறது இப்போ மாப்பிள்ளை வேலை. பயலுக்கு இழை அறுந்துக்கிட்டே இருக்காம் :-)

ஆகவே மக்களே, உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ யாராவது உண்டாகியிருந்தா புத்தகமும் சிடியும் அப்புறம் பாத்துக்கலாம். கார்டை வாங்கி அந்த ஒரு நம்பரைப் பாருங்க. உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க. பாட்டு? அவளுக்குப் புடிச்ச பாட்டா போடுங்க, போதும். (தங்கமணிக்கு நான் பட்ட கடன் அது.)

உங்க வீட்டுக் கதைகளைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. திட்டணும்னாலும் திட்டலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. மாத்திரை அளவு, ஊசி எல்லாம் டாக்டர்கிட்டயும் நர்ஸம்மாகிட்டயும் கேட்டுக்கோங்க. அக்கா இந்தப் பதிவைப் படிக்காதுங்கற தைரியத்துல எழுதியிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க!